சக்தி கேட்டதும் சொன்னதும்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு சக்தி மேதா மிஸ்ஸைக் கடித்துவிட்டாள். முன்கையில். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. மூன்று மாதமாக வாரத்துக்கு நான்கு நாள் இந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப் போகிறேன். இதுவரை கிள்ளுவாள், எத்துவாள், முடியைப் பிடித்து இழுப்பாள். கடித்தது இதுதான் முதல் தடவை. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. மேதா மிஸ் குழாயில் கையைக் கழுவி, பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு, மறுபடி வந்து பாயில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயதுப் பெண், என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவள் இடத்தில் நான் இருந்தால் திருப்பிக் கடித்திருப்பேன்.

சக்திக்கு நாலரை வயது. காது நன்றாகக் கேட்கிறது, எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று. செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறாள். அதே செருப்பைக் காட்டி இது என்ன என்றால் சுவரைப் பார்க்கிறாள். மூன்று வாரம் பாடுபட்டு, பந்தைக் காட்டினால் "பந்து" என்று சொல்ல வைத்தார்கள். சரி என்று பந்து, தட்டு, சீப்பு மூன்றையும் முன்னால் வைத்து, பந்து எங்கே என்று கேட்டால் சீப்பை எடுக்கிறாள். எனக்குக் கிறுக்குப் பிடிக்கிறது.

மேதா மிஸ்ஸின் தாத்தா ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவராம். அவள் தமிழ் பாதி மைசூர்த் தமிழ்தான், ஆனாலும் எனக்குப் புரியும்படி சொல்வாள். "கேக்கற சக்தி ஒருத்தி, சொல்ற சக்தி இன்னொருத்தி, அக்கா. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்காங்க, ஆனா இன்னும் பழக்கமாகல. பழக்கமாயிட்டா நாம ஒண்ணொண்ணா சொல்லித் தரவே வேண்டாம். காதுல விழறது தானா வாய்க்கு வந்துடும்."

மற்ற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே நடந்துவிடுவது. என் பிள்ளைக்கு மட்டும் ஒரு படை வேண்டியிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

இந்த நோட்டைப் பயிற்சி நிலையத்தில்தான் கொடுத்தார்கள். முன்பக்கத்திலிருந்து சக்தியின் கணக்கு: எந்த வார்த்தையைக் கேட்டு எடுத்தாள், எதைச் சொன்னாள், எத்தனை தடவை. பின்பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன்.

என் கணவர் உதயகுமாருக்கு மைசூர் மண்டி மொஹல்லாவில் பம்புசெட் உதிரிபாகக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. அவர் பிறந்தது வளர்ந்தது இங்கேயே, படித்தது கன்னடத்தில். தமிழ் பேசுவார், ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. நான் தமிழ்நாட்டு எல்லையோர மார்டள்ளிக்காரி. எல்லை தாண்டி கொளத்தூரில் அத்தை வீட்டில் தங்கி பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தேன். அதனால் இந்த நோட்டை நான் ஒளிக்கவே வேண்டியதில்லை. டிவி மேல்தான் கிடக்கிறது.

ஜூன் 14, சனி

தலை கனக்கிறது. வலது காதுக்கு மேல் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

பிள்ளையிடம் ஒரே மொழியில் பேசுங்கள் என்று யாரோ ஒரு டாக்டர் முன்பு சொல்லியிருந்தார். அது கன்னடம்தான் என்று இவர் முடிவு செய்துவிட்டார். மேதா மிஸ்ஸோ, அம்மாவுக்கு எது வாயில் வருகிறதோ அதில் பேசுங்கள் என்கிறாள். மத்தியானம் வாய் தவறி, எங்கள் ஊர்ப் பேச்சில், "வா சாமி, சோறு உங்கலாம்" என்று சக்தியைக் கூப்பிட்டேன். அவர் தட்டை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தட்டுதான் முதலில் வந்தது. அப்புறம் முடி. அப்புறம் கதவு நிலை. "காட்டுப் பாஷை பேசித்தான்டி இது ஊமையாக் கெடக்குது." மூன்று தடவை சொன்னார், மூன்று தடவை இடித்தார்.

சக்தி சாம்பார் சிந்தின தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிரதிபா கேட்டாள். பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 19, வியாழன்

இன்று புதுப் பரீட்சை. மேதா மிஸ் மரத்தில் செய்த மூன்று சாமான்கள் கொண்டுவந்தாள். எந்த வீட்டிலும் இல்லாத உருவம், எந்த மொழியிலும் இல்லாத பெயர். டிமு, கலோ, பேக்கு. விளையாடும்போது சும்மா போகிற போக்கில் "டிமு உருளுது, கலோ நிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லு என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து டிமு எங்கே என்றால் சரியாக எடுக்கிறாள். பத்துக்கு ஏழு. இது என்ன என்று கேட்டால் பத்துக்குப் பூஜ்யம்.

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். சக்தியின் கண் ஒரு பொருள்மேல் விழுகிற அந்த நேரத்தில் நான் அதன் பெயரை ஒரு தடவை சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லச் சொல்லக்கூடாது. கண் எங்கே போகிறதோ என் வாய் பின்னாலேயே போக வேண்டும். நாளெல்லாம், வாரமெல்லாம். என்றைக்கோ ஒருநாள் திறக்குமாம்.

ஜூன் 20, வெள்ளி

கதவு. பல்லி. துண்டு. ஓட்டை. பிரதிபா வீட்டுப் பூனை. தாடை வலிக்கிறது.

ஜூலை 2, புதன்

அடித்தால் கிடைக்கும் என்று சக்திக்குத் தெரியுமாம். கேட்டால் கிடைக்கும் என்றுதான் தெரியாதாம். மேதா மிஸ் சொன்னாள். பிஸ்கட் டப்பாவைப் பார்க்கிறாள், என் தொடையில் குத்துகிறாள், நான் எடுத்துக் கொடுக்கிறேன். "அவளுக்கு அதுதான் பேச்சு, அக்கா. அடி போட்டா நீங்க கேட்டுக்கறீங்க இல்லவா. வாயால சொன்னா யாரு கேட்டுக்கறாங்கன்னு அவ இன்னும் பாக்கலையே."

எனக்குச் சுர்ரென்று வந்தது. உனக்கென்னடி தெரியும், கல்யாணம் ஆகாதவளுக்கு, என்று மனசுக்குள் திட்டினேன். வெளியே சரிங்க மிஸ் என்றேன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. எங்கள் வீட்டில் வாயால் சொன்னதை யார் கேட்டிருக்கிறார்கள்? உப்பு வேண்டும் என்று நான் கேட்டு வாங்கி வந்தது எப்போது? அவருக்குத் தோசை முறுகல் வேண்டுமென்றால் கல்லோடு பறக்கும், மறுநாள் முறுகலாக இருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

நான் எழுதியே ஆகவேண்டும்.

சக்தி சில்வர் டம்ளரை வீசி என் புருவத்தைக் கிழித்துவிட்டாள். பால் கேட்டாள். கேட்டாள் என்றால் என்ன, டம்ளரால் கேட்டாள். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் கரண்டியைத் திருப்பிப் பிடித்து அவள் முழங்காலுக்குக் கீழே போட்டேன். ஒன்று இல்லை. நான்கு, ஐந்து. முதல் அடிதான் அவளுக்கு. மற்றதெல்லாம் யாருக்கு? முந்தாநாள் என் இடுப்பில் எத்தினாரே, அவருக்கா? அவரை அடிக்க முடியாது, இவளை அடிக்கலாம், இவள் சொல்லவும் மாட்டாள். ஐயோ, இதை நான் நினைத்தேன். அடிக்கும்போதே நினைத்தேன், இவள் யாரிடமும் சொல்லமாட்டாள் என்று.

அவள் கால் சிவந்து தடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். அவள் கண் என் புருவத்தின்மேல் விழுந்தது. "ரத்தம்" என்றேன். ஒரு தடவை. வீட்டுப்பாடம்.

ஜூலை 12, சனி

இன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இடது கையால் நோட்டைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. மணிக்கட்டில் எலும்பு கீறல், மாவுக்கட்டு.

காலையில் அவர் பாசமாகத்தான் ஆரம்பித்தார். சக்தியை மடியில் வைத்து அப்பா சொல்லு, அப்பா சொல்லு என்றார். பத்து தடவை. அவள் ஜன்னலைப் பார்த்தாள். கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார். அப்படிக் கிள்ளினால் வராதுங்க, மிஸ் வேண்டாம் என்றார்கள், என்று நான் குறுக்கே போனேன். மிஸ் உனக்குப் புருஷனா என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். என் கையைப் பின்னால் முறுக்கினார். அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன், முறுக்கிக்கொண்டேயிருந்தார். குச்சி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு கடைக்கு இறங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, கடையே கிடையாது.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ளும் பெண் எப்படி ஆயிற்று என்றாள். பாத்ரூம், வழுக்கிருச்சு. மருந்துக் கடைக்காரர் கேட்டார். வழுக்கிருச்சு. பிரதிபா கேட்டாள். கன்னடத்தில் வழுக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தபின் சக்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைக் கட்டையும் அதற்கு மேலே வீங்கின இடத்தையும். எனக்கோ நாக்கில் பழக்கம் ஊறிப்போய்விட்டது. "வழுக்கிருச்சு சாமி" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி சந்துரு மார்டள்ளியிலிருந்து வந்தான். ராகி மாவும் பச்சைக் கடலையும் கொண்டுவந்தான். கட்டைப் பார்த்தான். அதே பதிலைச் சொன்னேன். சக்தி என் மடியில் கடலைத் தோலை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனக்கா, இத்தன தடவ வழுக்கற பாத்ரூமு எந்த ஊட்ல இருக்குது? நெசத்தச் சொல்லு. அப்பங்கிட்ட நாஞ் சொல்லிக்கறேன். பொட்டியக் கட்டு, சாயங்கால வண்டிக்கு ஹனூரு எறங்கி நம்மூருக்குப் போயிரலாம்."

நான் என்ன கிறுக்கியா, எனக்கும் போகத் தெரியாதா? ஆனால் மார்டள்ளியில் மேதா மிஸ் இல்லை. பக்கத்து டவுனிலும் இல்லை. பேச்சு வருகிற வயது இன்னும் ஓரிரு வருஷம்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது விட்டால் வராது. சக்தி வாயைத் திறக்கிறவரைக்கும் நான் இங்கே இருப்பேன். அவள் வாய்க்கு என் கை போனால் போகட்டும். அவனிடம் இதைச் சொல்லவில்லை. "நெசமாலுமே வழுக்கிருச்சுடா" என்றேன். சோறுகூட உண்ணாமல் போய்விட்டான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குடை என்று சொல்ல மட்டும்தான் கற்றுக்கொடுத்தார்கள். இன்று குடை எங்கே என்று கேட்டதும் சக்தி நேராகப் போய் எடுத்தாள்! அந்தப் பக்கத்தை யாரும் சொல்லித் தரவில்லை. பூட்டும் அப்படியே. வாளியும் அப்படியே. சொல்கிறவள் கேட்கிறவளிடம் சொல்லியிருக்கிறாள். மேதா மிஸ் என்னைக் கட்டிக்கொண்டாள், விலாவில் பட்டு வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதுதான் இன்னும் பாக்கியாம். சும்மா காதில் விழுந்ததை அவளாகவே சொல்வது. அது வந்துவிட்டால் அப்புறம் பயமே இல்லை என்கிறாள்.

செப்டம்பர் 4, வியாழன்

கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டம், சக்தி அங்கே நிற்கமாட்டாள். அதனால் இரண்டு மணி நேரம் அவரிடம் விட்டுப் போனேன். வரும்போது அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். தூங்குகிறாள் என்றார்.

அவர் பிள்ளை மேல் கை வைத்ததில்லை. கிள்ளியிருக்கிறார், அவ்வளவுதான். என்னிடம் காட்டுவதெல்லாம் என்னோடு சரி. இந்த ஒன்றை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

மேதா மிஸ் பாயில் சக்தியைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். பாவாடை மேலே ஏறியது. தொடைக்குப் பின்னால் நீல நிறத்தில் தடிப்பு. காலையில் நான்தான் குளிப்பாட்டினேன். எப்படிப் பார்க்காமல் போனேன்? இடது கை இன்னும் மடங்கவில்லை, முன்னால் மட்டும் சோப்புப் போட்டு விட்டுவிட்டேன்.

மேதா மிஸ் விரலை வைத்து, இது என்ன சக்தி, என்றாள். பதிலுக்காகக் கேட்கவில்லை. சும்மா கேட்டது.

சக்தி தலையைத் திருப்பித் தன் காலைப் பார்த்தாள். தெளிவாகச் சொன்னாள்.

"பாத்ரூம். வழுக்கிருச்சு சாமி."

மேதா மிஸ் கத்திவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். யாரும் சொல்லித் தராத வார்த்தை, கேட்டதிலிருந்து தானாக வந்திருக்கிறது, அதுவும் இரண்டு சேர்த்து, என்று எல்லோரிடமும் சொல்லிக் கை தட்டினாள். அவர்களும் தட்டினார்கள். சக்திக்கும் குஷி. மறுபடி சொன்னாள். என் புருவத்துத் தழும்பைத் தொட்டு, வழுக்கிருச்சு சாமி. என் மணிக்கட்டைத் தொட்டு, வழுக்கிருச்சு சாமி. மேதா மிஸ்ஸின் கையில் அவள் கடித்த தடம் இன்னும் லேசாக இருக்கிறது. அதைத் தொட்டு, வழுக்கிருச்சு சாமி.

கை தட்டிக்கொண்டிருந்தவள் அப்போது நிறுத்தினாள். பிள்ளையின் தொடையைக் குனிந்து பார்த்தாள். விரல்கள் எண்ணும்படி இருந்தன. நான்கு விரல், ஒரு மோதிரம். மற்றவர்களை வெளியே போகச் சொன்னாள்.

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கண் விழுந்த நேரத்தில், ஒரே ஒரு தடவை, திருப்பிச் சொல்லச் சொல்லாமல், மூன்று மாதம், ஒருநாள் தவறாமல். வீட்டில் வேறு எந்தப் பாடத்தையும் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை. தடித்து நீலமானால் அதற்குப் பெயர் வழுக்கிருச்சு. அவளுக்கு அது பொய் இல்லை. பந்துக்குப் பந்து என்கிற மாதிரி.

"நாங்க வழுக்கலிங்க மிஸ்," என்றேன். "எங்கள அடிக்கறாருங்க." கல்யாணமான ஆறு வருஷத்தில் முதல் தடவை.

மேதா மிஸ் இப்போதே என் வீட்டுக்கு வாருங்கள் என்றாள். துணிமணி, சக்தியின் ஆதார், ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வருகிறேன் என்று மடத்தனமாகச் சொல்லிவிட்டு வந்தேன். மீதியை நாளைக்கு எழுதுகிறேன். இப்போது எழுதுகிறது மேதா மிஸ் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து. ஒரு கண் திறக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

மீதி. பையை எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் மேலே வந்துவிட்டார். பேசாமல் போயிருக்கலாம், எனக்கு வாய் நிற்குமா? சக்தியின் பாவாடையைத் தூக்கிக் காட்டி இது யார் போட்டது என்று கேட்டேன். எங்கேயாவது விழுந்திருப்பாள் என்றார். குனிந்து அவளிடமே கேட்டார், என்னம்மா ஆச்சு என்று.

"வழுக்கிருச்சு சாமி."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "பாத்தியா? உன் மிஸ் நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கா. குழந்தையே சொல்லுது." இனிமேல் இந்த நோட்டில் அவர் கிடையாது, அவன்தான்.

சப்பாத்திக் கட்டை கைக்கு எட்டியது. எடுத்து அவன் வாயில் போட்டேன். சிரித்த வாயில். பல் ஒன்று கீழே விழுந்தது, பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் எனக்கு விழுந்ததற்குக் கணக்கில்லை. கண், விலா, வயிறு. கழுத்தில் கையை வைத்து அழுத்தினான். கண் இருட்டும்போது சக்தி அவன் காலைக் கடித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. அவளைக் காலால் உதறினான், அவள் பீரோவில் போய் மோதினாள். பிரதிபாவும் அவள் கணவரும் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். அவன் திறந்து, ஒன்றுமில்லை, வழுக்கி விழுந்துவிட்டாள், என்று கன்னடத்தில் சொன்னான். வாயெல்லாம் ரத்தத்தோடு. பிரதிபா அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் பிள்ளையையும் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டேன். ஆதார், ரிப்போர்ட், துணி எல்லாம் அங்கேயே.

செப்டம்பர் 8, திங்கள்

மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்ட அம்மா, குழந்தையை வெளியே உட்கார வைக்கலாமே, இதெல்லாம் அது கேட்க வேண்டாமே என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மேதா மிஸ்கூட என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கத்தான் வேண்டும். என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அவள் கண் என் கழுத்தில் விழுந்தது. சொன்னேன்: அடி. அப்பா அடிச்சார். என் கண்ணில் விழுந்தது: அடி. அப்பா அடிச்சார். அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய கோடு இருக்கிறது, கரண்டியால் வந்தது. அதையும் அவள் பார்த்தாள். எழுதிக்கொண்ட அம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். "அடி. அம்மா அடிச்சேன்" என்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் எழுதவில்லை.

சக்தி எதையும் திருப்பிச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மார்டள்ளி. மேதா மிஸ் செவ்வாயும் சனியும் வீடியோவில் வருகிறாள். சிக்னலுக்காகப் போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து உட்கார வேண்டியிருக்கிறது. இதை முதலிலேயே கேட்டிருக்கலாமே. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரியாதவள் சக்தி மட்டுமா?

செப்டம்பர் 28, ஞாயிறு

அவன் தரப்பில் இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். அவன் வரவில்லை, புதுப் பல் கட்டுகிறானாம். பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாய், ஒருமுறை நடந்துவிட்டது, அவசரத்தில் கை பட்டிருக்கும் என்றார்கள். எங்கள் அப்பா சித்தையனுக்கு ஊரில் மானம்தான் பெரிது. பத்துப் பேர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரும் போ என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "சந்துரு ஆடியில வந்தப்ப வழுக்கிருச்சுன்னியாமா. ஏஞ் சாமி, எங்ககிட்டக்கோட ஏன் அப்பிடிச் சொன்னே?"

புள்ளைக்குப் பேச்சு வரணும்னு, என்றேன். அப்பா எழுந்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பச் சொன்னார் அம்மாவிடம். பேச்சு முடிந்துவிட்டது என்று அவர்களுக்கும் புரிந்தது. அம்மா காபியில் சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றேதான்.

அக்டோபர் 11, சனி

டிமு, கலோ, பேக்கு. பத்துக்கு எட்டு. சொல்வதில்.

கேஸின் முதல் வாய்தாவுக்குச் சந்துருவோடு போய் வந்தேன். அவன் புதுப் பல்லோடு நின்றான், என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

சக்தி என் கையை அடித்தாள், பழைய மாதிரி, கடலைக்காக. நான் கொடுக்கவில்லை. காத்திருந்தேன். இருபது நிமிஷம் கத்தல், தலையைத் தரையில் முட்டல், என் தோளில் ஒரு கடி. கடைசியில் "கல்லை" என்றாள், கடலையைத்தான். இரண்டு கை நிறையக் கொடுத்தேன். தோள் எரிகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. அம்மாவும் அப்பாவும் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். வக்கீல் போன் செய்து, பிள்ளையை வாரம் ஒருநாள் தன்னிடம் விடவேண்டும் என்று அவன் மனு போட்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டு வைத்தார். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திரும்பினால், புதிதாக அரைத்து வந்த ராகி மாவு முழுவதையும் சக்தி ஈரத் தரையில் கவிழ்த்து, நடுவில் உட்கார்ந்து அளைந்துகொண்டிருக்கிறாள். ஆறு கிலோ.

களிக்கோலோடு போனேன். எப்படிப் போனேன் என்று தெரியாது, அவள் தோளை இடது கையால் பிடித்துவிட்டேன், வலது கை மேலே போய்விட்டது. எனக்கு முன்னால் சக்தி இல்லை. அவன் பல், அவன் சிரிப்பு, அவன் மனு.

அவள் என் கையைப் பார்த்தாள். கோலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை.

"அடிக்காதீங்க," என்றாள்.

யாரும் சொல்லித் தரவில்லை. மேதா மிஸ்ஸின் அட்டைகளில் அந்த வார்த்தை கிடையாது. என் குரல் அது. நான் இழுக்கிற இழுப்பு, நான் போடுகிற மரியாதை, அப்படியே. ஆறு வருஷம் நான் அதைச் சொன்னேன், ஒரு தடவைகூட அதைச் சொல்லி ஒரு கை இறங்கி அவள் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்கிறாள்.

கோலைக் கீழே வைத்தேன். அவள் அந்தக் கோலையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள், நிஜமாகவே இறங்கிவிட்டதா என்று. "அடிக்காதீங்க" என்று இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக, சோதித்துப் பார்க்கிற மாதிரி.

"சரி சாமி. அடிக்கல," என்றேன்.

அடுப்பில் களி அடிப்பிடித்த வாசனை வந்தது. போய் இறக்கி வைத்தேன். மேலாக இருந்த ஈரமில்லாத மாவை இரண்டு பேரும் கையால் அள்ளி டப்பாவில் போட்டோம். பாதிதான் தேறியது.